சர்க்கரை போடாத கிரீம்

கோதண்டத்துக்கு அடுப்பில் வெந்நீர் வைக்கத் தெரியும். மற்றபடி சமையலறையில் அவருக்கு ஜோலி இருந்ததில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் முப்பத்தொரு வருஷமாக லேத் ஓட்டுகிறவர். இரும்பை மயிரிழை பிசகாமல் கடைந்து கொடுப்பார், ஆனால் ஒரு வெங்காயத்தை நறுக்கச் சொன்னால் கத்தியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று யோசிப்பார். அப்படிப்பட்டவர் ஐம்பத்தேழு வயதில் கப்கேக் செய்யக் கற்றுக்கொண்டது அவர் மனைவி அனுசுயாவுக்காக.

அனுசுயாவுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. அறுத்து எடுத்த பிறகு முப்பத்து மூன்று நாள் கதிர்வீச்சு வைக்க வேண்டும் என்றார்கள். கரண்ட் வைப்பது என்றுதான் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் அதைச் சொன்னார்கள். லீவு நாள் தவிர தினமும் அண்ணனூரில் ரயில் ஏறி, அவளை உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்து, மத்தியானம் கூட்டிக்கொண்டு திரும்புவார் கோதண்டம். எல்லாம் முடிந்து எடுத்த ஸ்கேன் சுத்தமாக இருந்தது. "இனிமே நல்லா சாப்பிட்டு உடம்பைத் தேத்தணும்மா," என்றார் டாக்டரம்மா.

சாப்பிடுவதுதான் நடக்கவில்லை. அவளுடைய நாக்கு செத்துப் போயிருந்தது. உப்பு தெரியவில்லை, புளிப்பு தெரியவில்லை, காரம் வெறும் எரிச்சலாகத் தெரிந்தது. எச்சிலும் ஊறவில்லை. ஒரு வாய் இட்லியைப் போட்டால் அது வாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். "மரத்தூள மெல்ற மாதிரி கீதுய்யா," என்று தட்டைத் தள்ளிவிடுவாள். அறுபத்தொரு கிலோ இருந்தவள் நாற்பத்து நாலுக்கு வந்துவிட்டாள். துணி ஏற்றுமதி கம்பெனியில் பத்தொன்பது வருஷம் காலர் தைத்தவள், தன் ஜாக்கெட்டுகளைத் தானே ரெண்டு முறை பிடித்துத் தைத்துக்கொண்டாள்.

"ருசி வரும். ஒவ்வொண்ணா வரும்," என்றார் டாக்டரம்மா. "எது முதல்ல வரும், எப்ப வரும்னு சொல்ல முடியாது. சிலருக்கு மூணு மாசம், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும்."

மூன்றாம் மாதச் செக்கப்புக்குப் போன அன்று ஒரு நர்சுக்குப் பிறந்தநாள். காத்திருந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கப்கேக் கொடுத்தாள். மறுக்க மனமில்லாமல் அனுசுயாவும் வாங்கிக்கொண்டாள். கோதண்டம் டோக்கன் நம்பரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், அவள் கையில் வெறும் காகிதக் கிண்ணம்தான் இருந்தது.

"துன்னுட்டியா?"

"ஆமாய்யா. இது மட்டும் சிக்காம எறங்கிச்சு. மேல வெண்ணெ மாதிரி இன்னாவோ வெச்சிகீறாங்க. நடுவுல கொழகொழன்னு ஒண்ணு. வழுக்கிகினு பூடுச்சு."

ருசி தெரிந்ததா என்று அவர் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் அவள் ஒரு பண்டத்தை முழுசாகத் தின்று அவர் பார்த்ததில்லை. அண்ணனூரில் இறங்கியதும் அவளை வீட்டுக்குள் விட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிப்படி ஏறினார்.

மாடியில் குடியிருந்தவள் சபீனா. முப்பத்திரண்டு வயசு. வீட்டிலேயே கேக் செய்து அயனம்பாக்கம் பக்கத்து அடுக்குமாடிகளுக்கெல்லாம் கொடுப்பவள். சாயங்காலமானால் படிக்கட்டு முழுக்க வெண்ணிலா வாசனை அடிக்கும்.

"அக்காவுக்குத்தானே? நானே செஞ்சு தரேன் அண்ணா. இதுக்குப் போய் தயங்கிக்கிட்டு நிக்கிறீங்க!"

"இல்லம்மா. நான் செய்யணும்."

"நீங்களா? ஏன்?"

கோதண்டம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"முப்பத்து மூணு நாளு அவள உள்ள படுக்க வெச்சி கதவ சாத்திக்குவாங்கம்மா. நான் வெளிய பெஞ்சில குந்திகினு இருப்பேன். என்னால ஒண்ணும் செய்ய முடியல. இத்தயாச்சும் என் கையால செய்றேனே."

சபீனா பரணிலிருந்து தன் பழைய சின்ன ஓவனை இறக்கிக் கொடுத்தாள். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாள்: மைதா இவ்வளவு, வெண்ணெய் இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, முட்டை ரெண்டு, நூற்றெண்பது டிகிரியில் பதினெட்டு நிமிஷம். எல்லாம் கிராமிலும் நிமிஷத்திலும் இருந்ததைப் பார்த்ததும் கோதண்டத்துக்குத் தெம்பு வந்தது. கை அளவு, கண் அளவு என்றிருந்தால் அவர் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

அளவு சரியாக இருந்தும் முதல் ஞாயிற்றுக்கிழமை கேக் கல்லாகி விட்டது. மாவை அரை மணி நேரம் விடாமல் அடித்திருந்தார். "சேர்ற வரைக்கும் கலந்தா போதும் அண்ணா, அடிக்க அடிக்க இறுகிடும்," என்று சபீனா சொன்ன பிறகுதான் புரிந்தது. அடுத்த வாரம், வெந்துவிட்டதா என்று பார்க்கப் பாதியில் ஓவனைத் திறந்தார். பொங்கி வந்த பன்னிரண்டும் அவர் கண்ணெதிரே நடுவில் குழிந்து உட்கார்ந்துவிட்டன. கிரீம் அதைவிட மோசம். அடித்த வெண்ணெயில் ஐசிங் சர்க்கரையைச் சலித்துப் போட்டு மறுபடி அடிக்க வேண்டும். ஏப்ரல் வெயிலில் அது பாயசம் போல ஓடியது. கிண்ணத்தை ஃப்ரிட்ஜில் பத்து நிமிஷம் வைத்து எடுத்து மறுபடி அடிக்க வேண்டும் என்பதை மாடி ஜன்னலிலிருந்து சபீனா கத்திச் சொன்னாள்.

மூன்றாம் வாரம் கேக் சரியாக வந்தது. உள்ளே மாம்பழக் கூழ் வைக்க, கேக்கின் நடுவில் துளை எடுக்க வேண்டும். கத்தியால் எடுத்தால் பிய்ந்துபோகிறது என்று, பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஸ்டீல் குழாயை அவரே கடைந்து விளிம்பைக் கூராக்கிக்கொண்டு வந்திருந்தார். "இன்னா பார்ட்டு இது, புது ஆர்டரா?" என்று முதலாளி திருவேங்கடம் கேட்டதற்கு, "கேக்குல ஓட்ட போட," என்றார். பட்டறையே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டார்.

கப்கேக்கைத் தட்டில் வைத்து, அனுசுயாவின் எதிரே கொண்டுபோய் நின்றார். அவள் கடித்தாள். மெதுவாக மென்றாள். பாட்டிலை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"நல்லா கீது," என்றாள்.

"நெஜமாவா? மாம்பழம் தெரிதா?"

"லேசா தெரிதுய்யா."

அன்று முழுக்க கோதண்டம் வீட்டுக்குள் நடந்த நடை வேறு மாதிரி இருந்தது. ஓசூரில் இருக்கும் மகள் ரேவதிக்குப் போன் போட்டு, "உங்கம்மாவுக்கு மாம்பழம் தெரியுதாம்," என்று இரண்டு தடவை சொன்னார்.

அடுத்த வாரம் அன்னாசி. "போன வாரத்தவிட நல்லா கீது." அதற்கடுத்த வாரம் தேங்காயும் வெல்லமும் சேர்ந்த பூரணம். "இதுல வெல்லம் தூக்கலா கீது." கோதண்டத்துக்குச் சர்க்கரை வியாதி. செய்த எதையும் அவர் வாயில் வைத்ததில்லை. அவள் முகம்தான் அவருக்கு ருசி. ஞாயிற்றுக்கிழமைகளில் கேக் தயாராகும் நேரத்தில் ஆர்டர் கொண்டுபோய்க் கொடுக்கச் சபீனா வெளியே போய்விடுவாள். அதனால் அவளும் சாப்பிட்டுப் பார்த்ததில்லை.

ஆறாவது ஞாயிறு, நடுவில் வைக்கக் கஸ்டர்ட் செய்யலாம் என்று கார்ன்ஃப்ளார் வாங்கி வந்திருந்தார். கஸ்டர்டை முந்தின நாளே காய்ச்சி ஆற வைத்துவிட்டார். காலையில் கிரீம் அடித்தார். அன்றைக்கு அது உருகவே இல்லை. கட்டியாக, மலை மாதிரி நின்றது. ஒருவழியாகக் கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

அனுசுயா ஒன்றைத் தின்று முடித்து விரலையும் நக்கினாள். "இன்னைக்கி கிரீமுதான்யா டாப்பு. இனிப்பு கரீட்டா கீது."

சபீனா அன்று வெளியே போகவில்லை. அவளுக்கு இரண்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார் கோதண்டம். அவள் ஆசையாக ஒரு கடி கடித்தாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"அண்ணா... கிரீம்ல சர்க்கரை போட்டீங்களா?"

"போட்டேனே. எரநூத்தம்பது கிராம். சலிச்சி போட்டேன்."

"எதுலேர்ந்து எடுத்துப் போட்டீங்க?"

கீழே போய் டப்பாவை எடுத்து வந்தார். சபீனா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "இது கார்ன்ஃப்ளார் அண்ணா. ரெண்டையும் ஒரே மாதிரி டப்பாவுல கொட்டி வெச்சிருக்கீங்க போல. பார்க்க ஒண்ணாத்தான் இருக்கும். கிரீம்ல ஒரு துளி இனிப்பு இல்ல, பச்சை மாவு." சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "அக்கா சாப்பிட்டாங்களா?"

கோதண்டம் படியில் இறங்கி வந்து பாதியில் உட்கார்ந்துவிட்டார். முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வாரமாக என்னை ஏமாற்றியிருக்கிறாள். ரேவதியிடம் வேறு சொல்லிவிட்டேனே. பிறகு, அவள் ஒவ்வொரு வாரமும் ஒரு பொய்யைத் தேடிக் கண்டுபிடித்ததை நினைத்துப் பார்த்தார். லேசா தெரிது. போன வாரத்தவிட நல்லா கீது. வெல்லம் தூக்கலா கீது. ஒரே பொய்யைத் திரும்பச் சொன்னால் அவருக்குச் சந்தேகம் வரும் என்று வாராவாரம் புதுசாக யோசித்திருக்கிறாள். கோபம் போன இடம் தெரியவில்லை.

உள்ளே போனபோது அனுசுயா கட்டிலில் உட்கார்ந்து ஒரு தலையணை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இனிப்பு கரீட்டா இருந்துச்சாமே?"

"ஆமாய்யா. சொன்னனே."

"கிரீமுல சக்கரையே போடலமே. டப்பா மாறிப் போச்சு."

ஊசி நின்றது. வெளியே ஷெட்டுக்குப் போகிற காலி ரயில் ஒன்று நிதானமாகக் கடந்தது.

"ஒண்ணுமே தெரிலய்யா," என்றாள் அனுசுயா. "மாம்பழமும் தெரில. அன்னாசியும் தெரில. மொத நாள்ளேர்ந்து ஒண்ணுமே தெரில. பஞ்ச முழுங்குற மாதிரி முழுங்கினு இருந்தேன்."

"அப்ப ஏன்மே நல்லா கீது, நல்லா கீதுன்ன?"

"மூஞ்சியெல்லாம் மாவா வந்து நிக்கிற. தட்ட ரெண்டு கையால புடிச்சிகினு, கண்ண சிமிட்டாம என் வாயவே பாத்துகினு கீற. அப்ப ஒண்ணும் தெரிலன்னு எப்டிய்யா சொல்லுவேன்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். உறையின் ஓரத்தை விரலால் நீவி விட்டபடி அவளே தொடர்ந்தாள்.

"எனக்கு பயமா கீதுய்யா. இது இப்டியே பூடுமோன்னு. சாவுற வரைக்கும் மண்ணத் துன்ற மாதிரியே துன்னுகினு இருக்கணுமோன்னு."

ஆபரேஷனுக்கு முன்னால்கூட அவள் பயம் என்று சொன்னதில்லை. கோதண்டம் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எலும்புதான் முதலில் கைக்குத் தட்டுப்பட்டது.

"எனக்கும்தான்," என்றார். "டெய்லி பயம்தான். உங்கிட்ட சொன்னா நீ இன்னும் ஒடஞ்சிடுவியேன்னு சொல்லல."

"நீயும் பொய்யிதான் சொல்லிகினு இருந்தியா அப்ப?"

"ஆமா."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"இங்க பாருமே. இனிமே தெரிலன்னா தெரிலன்னு சொல்லிடு. நான் ஒண்ணும் சுருங்கிப் பூட மாட்டேன். லேத்துல பீஸு சரியில்லன்னா சரியில்லன்னு சொன்னாதான் அடுத்தத சரியா போட முடியும்."

"சொல்றேன். ஆனா நீ வாயப் பாக்காத."

மறு ஞாயிறு, அவர் மாவு கலக்கும்போது அனுசுயா சமையலறைக்குள் வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நோய் வந்த பிறகு அடுப்பங்கரைப் பக்கமே வராதவள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் கிரீம் பையை இரண்டு கையாலும் அமுக்கி, கேக்கின் மேல் கோணலும் மாணலுமாகப் பிழிந்துகொண்டிருந்தார்.

"இப்டியா புடிப்பாங்க? சிமெண்ட் பூசற மாதிரி. இங்க குடு."

பையை வாங்கினாள். மேல் பக்கத்தை முறுக்கி உள்ளங்கையில் அடக்கிக்கொண்டாள். இடது கை விரலைப் பையின் முனையிலிருந்த நாஸிலுக்கு முட்டுக்கொடுத்தாள். முதல் கேக்கில் கொஞ்சம் தடுமாறினாள். இரண்டாவதிலேயே கை பிடிபட்டுவிட்டது. காலருக்கு ஓரம் ஓட்டுகிற அதே நிதானத்தில், இழுத்து, நிறுத்தி, மடித்து, கேக்கைச் சுற்றி ஒரு சின்னச் சுருக்கு வரிசை வைத்தாள். அடுத்ததில் ரோஜா. அதற்கடுத்ததில் சேலை முந்தானைக் குஞ்சம் மாதிரி ஒன்று. பன்னிரண்டும் முடிந்தபோது அவள் நெற்றியில் வேர்த்திருந்தது. முகம் தெளிந்திருந்தது. கோதண்டம் ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

அதிலிருந்து இருவரும் சேர்ந்துதான் செய்தார்கள். அவளும் சொன்னபடி உள்ளதை உள்ளபடி சொன்னாள். "சில்லுனு கீது, அது தெரிது. இனிப்பு தெரில." "இந்த பாதாம் நெருநெருன்னு பல்லுல மாட்டுது, வேணாம்." "இன்னைக்கி கேக்கு காஞ்சி போச்சு, ரெண்டு நிமிசம் முன்னாடியே எடுத்துருக்கணும்." குளிர்ச்சியாக இருந்தால் அவளுக்கு எளிதாக இறங்குகிறது என்று தெரிந்ததும், எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் வைத்தே கொடுத்தார்.

எலுமிச்சைச் சாறும் முட்டையும் சேர்த்துக் காய்ச்சிய கூழை நடுவில் வைத்த வாரம், அவள் மென்றுகொண்டே நெற்றியைச் சுருக்கினாள்.

"நாக்கு ஓரத்துல இன்னாவோ சுருக்குன்னுச்சு."

கோதண்டம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"தெரிலய்யா. என் நெனப்பா கூட இருக்கும். மறுபடி துன்னா காணோம்."

அவள் நினைப்பாக இருந்தாலும் இருக்கட்டும் என்று விட அவருக்கு மனசில்லை. புளிப்புத்தானே அது, இன்னும் கூட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஆவடி மார்க்கெட்டில் கூறு கட்டி வைத்திருந்த அரைநெல்லிக்காயைப் பார்த்ததும் அவருக்கே பல் கூசியது. இரண்டு கூறு வாங்கினார். அனுசுயா அதை வேக வைத்துக் கொட்டை எடுத்துக் கொடுத்தாள். சின்னத் தீயில் கிளறக் கிளற, வெளிறிய பச்சையாக இருந்தது மெல்ல மெல்லச் சிவந்து கடைசியில் செம்பருத்தி நிறத்துக்கு வந்தது. "சக்கரைய பாதியா போடு," என்றாள் அவள். "இனிப்புதான் எனக்கு தெரியப் போறதில்லியே."

ஆற வைத்து, கேக்கில் துளை எடுத்து, உள்ளே நிரப்பி, மேலே அவள் கிரீம் வைத்து, குளிர வைத்து எடுக்கும்போது சாயங்காலம் நாலரை. அனுசுயா ஒன்றை எடுத்துக் கடித்தாள். கோதண்டம் சொன்ன சொல் தவறாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அய்யே!"

திரும்பினார். அவள் ஒரு கண்ணை இறுக்க மூடியிருந்தாள். தாடை கோணிக்கொண்டு, தோள் இரண்டும் காது வரை ஏறியிருந்தது.

"இன்னாமே, சிக்கிச்சா? தண்ணி குடி, தண்ணி குடி!"

அவள் கையை ஆட்டி வேண்டாம் என்றாள். விழுங்கினாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"புளிக்குதுய்யா."

கோதண்டம் நின்ற இடத்திலேயே நின்றார்.

"புளிக்குது. சுள்ளுனு புளிக்குது. காது வரைக்கும் இழுக்குதுய்யா!"

"எனக்காவ சொல்றியா?"

அவள் பாத்திரத்தில் மிச்சமிருந்த நெல்லிக்காய்க் கூழை ஒரு விரலில் வழித்து, அவர் சுதாரிப்பதற்குள் அவர் வாயில் வைத்துவிட்டாள். கோதண்டத்தின் தாடை பூட்டிக்கொண்டது. அவருக்கும் ஒரு கண் மூடிக்கொண்டது.

"தெரிதா?"

"தெரிதுமே!"

"எனக்கும் அதான்யா தெரிஞ்சுது!"

இருவரும் போட்ட சத்தத்தில் சபீனா மாடியிலிருந்து ஓடி வந்துவிட்டாள். என்னவோ ஏதோ என்று வாசலில் மூச்சு வாங்க நின்றவளைப் பிடித்து உட்கார வைத்து, அவள் கையிலும் ஒன்றைக் கொடுத்தாள் அனுசுயா. தானும் இன்னும் இரண்டு தின்றாள். "இனிப்பு இன்னும் வரல," என்று அவளாகவே சொன்னாள். "கிரீமு வெறும் வழவழப்புதான். புளிப்பு மட்டும்தான் தெரிது."

"ஒவ்வொண்ணாத்தானே அக்கா வரும்," என்றாள் சபீனா. "ஒண்ணு வந்துடுச்சுல்ல?"

இனிப்பு வர அதற்கப்புறம் ஐந்து மாதம் ஆனது. அதுவும் அரைகுறையாகத்தான் வந்தது. ஆனால் அடுத்த செக்கப்பில் எடைமுள் கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டரம்மா, "என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டதற்கு, "எங்க ஊட்டுக்காரரு கேக்கு சுடுறாரு," என்று சொல்லி, பக்கத்தில் நின்ற கோதண்டத்தை வெட்கப்பட வைத்தாள்.

அதெல்லாம் பின்னால். நெல்லிக்காய் அன்று, சபீனா மாடிக்குப் போன பிறகு அனுசுயா பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு, ஒரு நிமிஷம் அடுப்பைப் பார்த்து நின்றாள். மேல் தட்டைத் திறந்து புளி டப்பாவை இறக்கினாள். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"யோவ், நாளைக்கி வத்தக்கொழம்பு வெச்சி பாக்கட்டா? மொளகாத்தூளு ரொம்ப போடாம, கொஞ்சமா."

"வெய்யி. புளி நான் கரைச்சி தரவா?"

"வேணாம், நானே கரைச்சிக்கிறேன். நீ போயி சுண்டக்கா வத்தலு வாங்கிகினு வா. கறுத்துப் போனதா குடுத்தான்னா வாங்காத, தள்ளி வனஜா கடையில கேளு."

கோதண்டம் சட்டையை மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தெருமுனை வரை போனவர் திரும்பி வந்து, வாசலில் நின்றபடியே உள்ளே பார்த்துக் கேட்டார்:

"அப்பளமும் வாங்கட்டா?"

"வாங்கு," என்றாள் அவள்.